சுருள் சிரை நோய்: குர்துபாவின் கொக்கியும் இன்றைய ஒளியிழையும்

கால்களில் நீலம் பாரித்து, முறுக்கிய கயிறுபோல் புடைத்தோடும் சிரைகளை அரபு மருத்துவ நூல்கள் ‘தவாலீ’ என்றழைக்கின்றன. திராட்சைக் கொடியைக் குறிக்கும் ‘தாலியா’ எனும் சொல்லின் பன்மை அது. நோயைக் கண்டவர் எவரும் பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார். நம் வழக்கிலோ இது ‘நரம்புச் சுருட்டு’. நரம்பு உணர்ச்சியைக் கடத்துவது. இங்கே பழுதுபட்டிருப்பது குருதியை இதயத்திற்குத் திருப்பியனுப்பும் சிரை. பெயரில் நேர்ந்த குழப்பம் சிறிதுதான். ஆயினும் நரம்புத் தளர்ச்சியென எண்ணித் தைலம் தேய்த்தும் சத்து மாத்திரை விழுங்கியும் ஆண்டுகளைக் கழிப்போரைக் காணும்போது, அதன் விளைவு சிறிதன்று என்பது விளங்கும்.

நிற்கும் மனிதனின் பாதத்திலிருந்து குருதி மேலேறியாக வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்குந்தோறும் அது மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. சிரையினுள் அமைந்த மெல்லிய தடுக்கிதழ்கள் அதனைக் கீழிறங்க விடாது தாங்குகின்றன. இவ்விதழ்கள் தளர்ந்தால் குருதி பின்னோக்கி வழிந்து தேங்கும். பரம்பரை, முதுமை, பேறுகாலம், உடற்பருமன், நெடுநேரம் நின்று செய்யும் தொழில் ஆகியன இதற்குத் துணைபோகின்றன. பெரும்பாலும் பழுதடைவது, கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடையிடுக்கு வரை செல்லும் நெடுஞ்சிரை. இப்னு ஸீனாவின் ‘கானூன்’ இதனை ‘ஸாஃபின்’ என்கிறது. ஐரோப்பிய மருத்துவம் இன்றும் வழங்கும் ‘சஃபீனா’ என்ற பெயர் அதன் வழியே சென்றதாகும்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் இறுதியில், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியில் இந்நோய்க்குரிய அறுவையை விரித்துரைத்துள்ளார். வெந்நீரால் காலைச் சூடேற்றிச் சிரையைப் புடைக்கச் செய்தல், தோலை நீளவாட்டில் கீறுதல், மழுங்கிய கொக்கியால் சிரையைத் தூக்குதல், சில விரற்கடை தள்ளி மறுபடியும் கீறி அதனை உருவியெடுத்தல் என்பது அவர் கூறும் முறை. 1907இல் அமெரிக்க மருத்துவர் பாப்காக் சிரைக்குள் கம்பியைச் செலுத்தி உருவும் முறையை வகுத்தார். கருவி திருந்தியது, ஆனால் சிரையை வெளியே இழுத்தெறிவது என்ற கருத்து ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை.

அக்கருத்தே மாறியதுதான் அண்மைக்கால மருத்துவத்தின் சாதனை. பழுதான சிரையை அகற்ற வேண்டியதில்லை; இருந்த இடத்திலேயே அடைத்துவிட்டால் போதும். குருதி நலமான வேறு சிரைகளின் வழியே சென்றுவிடும். அடைபட்டது நாளடைவில் நார்போல் சுருங்கிவிடும். இதற்கு வழிவகுத்தது டாப்ளர் ஸ்கேன். எந்த இதழ் தளர்ந்தது, குருதி எங்கே பின்வாங்குகிறது என்பதை வெட்டாமலே அது காட்டிற்று.

1999இல் ஸ்பெயினின் கார்லோஸ் போனே, சிரைக்குள் லேசர் ஒளியிழையைச் செலுத்தி வெப்பத்தால் அடைக்கும் முறையை அறிவித்தார். ரேடியோ அலைவெப்ப முறையும் அக்காலத்தையதே. அதன் பிற்கால வடிவில் ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள முனை 120 பாகை செல்சியஸ் வெப்பத்தை இருபது விநாடி அளிக்கிறது. இரண்டிலும் ஊசித்துளையே வாயில். சிரையைச் சூழ நீர்த்த மரப்பு மருந்து செலுத்தப்படுவதால் வலி குறைவு. சுற்றியுள்ள திசுவும் வெப்பத்தினின்று காக்கப்படும். நோயாளர் அன்றே நடந்து வீடு திரும்பலாம்.

வெப்ப இழை நுழையவியலாத வளைந்த சிரைகளுக்கு நுரை மருந்து உதவும். 1990களில் இதனை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் கர்னாதா நகரின் ஹுவான் கப்ரேரா. ஸஹ்ராவியின் அந்தலூஸ் மண்ணிலிருந்தே இதுவும் எழுந்தது என்பது தற்செயலே எனினும் நினைக்க இனியது. நுரை மருந்து செலவு குறைந்தது. ஆனால் அடைத்த சிரை மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு வெப்ப முறையினும் அதிகம். சிரையைப் பசையால் ஒட்டும் முறையும் உண்டு. அதற்குச் சிரை நெடுகிலும் மரப்பூசி தேவையில்லை. சிலருக்கு ஒவ்வாமை வரலாம். தோலடியில் புடைத்த கிளைகளை இரண்டொரு மில்லிமீட்டர் துளைகளின் வழியே இன்றும் கொக்கியால்தான் எடுக்கின்றனர்.

பிரிட்டனின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் வெப்ப முறையை முதலிலும், நுரையை அடுத்தும், அறுவையைக் கடைசியிலும் வைத்தன.

சிலந்தி வலைபோல் தோலில் படரும் செந்நீல இழைகள் பெரும்பாலும் அழகு குறித்த கவலையே. மெல்லிய ஊசியால் மருந்து செலுத்தினால் பல அமர்வுகளில் மங்கும். சில மாதம் கருந்தடம் நிற்கக்கூடும். மேற்பரப்பு லேசர் கருநிறத் தோலில் தழும்போ நிறமாற்றமோ ஏற்படுத்தலாமாதலால், கால்களுக்கு ஊசியே ஏற்றது. உள்ளே பெருஞ்சிரை கசிந்துகொண்டிருக்க, மேலிழைகளை மட்டும் அழிப்பது ஓட்டைக் குழாயை விட்டுவிட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. ஸ்கேன் பாராமலே ஊசி போட முன்வருவோரிடம் எச்சரிக்கை வேண்டும். கருவுற்றிருப்போர் சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. பேற்றுக்குப் பின் பல சிரைகள் தாமே தணியும். ஆழ்சிரையில் குருதி உறைந்தோருக்கு நிலைமை வேறு. அவர்களது மேற்சிரையை அடைக்குமுன் நன்கு ஆராய வேண்டும். அழுத்தக் காலுறை தற்காலிகத் துணையே. தமனி ஓட்டம் குன்றிய நீரிழிவாளரும் புகைப்பவரும் அதனைத் தாமே வாங்கி அணிவது தீங்காகலாம்.

உண்மையில் அஞ்சத்தக்கது கணுக்காலின் உட்புறம் தோல் கறுத்துத் தடித்துத் தோன்றும் ஆறாப்புண். அதற்குக் கட்டுப்போட்டே ஆண்டுகளைக் கடத்துவோர் உளர். சிரை சிகிச்சையென்றால் கத்தியென்றே அவர்கள் இன்னும் நினைக்கின்றனர். புண் ஆறட்டும், சிரையைப் பின்னர் பார்ப்போம் என்பதே மருத்துவர் பலரின் வழக்கமாகவும் இருந்தது. 2018இல் வெளியான ஆய்வொன்று இதனைச் சோதித்தது. பிரிட்டனின் 20 மையங்களில் 450 நோயாளர் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. சிரையை உடனே அடைத்தோரின் புண் ஆற இடைநிலையளவில் 56 நாள்களே ஆயின. தள்ளிப்போட்டோருக்கு 82 நாள்கள்.