இறையியல் படிச்சா ஆயர் ஆகிடலாமா?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் டிகிரி முடித்துவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் இறையியல் கல்லூரி விண்ணப்பத்தைத் தேடுகிறார்கள். ஆனால், தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) பாதை தொடங்குவது சொந்த சபையில்.

எப்படி?

சபை ஆயரின் பரிந்துரை வேண்டும். பிறகு பேராயம் நேர்காணல் நடத்தி, தகுதியானவரைத் தன் வேட்பாளராகப் படிக்க அனுப்பும். பெண்களும் விண்ணப்பிக்கலாம்.

எங்கே படிப்பது?

கீழ்ப்பாக்கம் குருக்குல், மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவை முக்கியமானவை. பி.டி. பட்டத்தை வழங்குவது, 1818-ல் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் செனட்.

பேராயம் அனுப்பாமல் நாமே சேர்ந்தால்?

சில கல்லூரிகளில் இடம் கிடைக்கும். ஆனால் பி.டி. பட்டம் வேறு, குருப்பட்டம் வேறு. பேராயம் ஏற்றால்தான் முதலில் டீக்கன், பிறகு ஆயர். பல வருஷம் படித்துவிட்டு, 'இனி என்ன?' என்று நிற்கக் கூடாது என்றால் இதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

தாம்பரத்துக்கு என்ன தொடர்பு?

1938 டிசம்பரில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஊழியர் பயிற்சி பலவீனமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, அதைச் சீரமைக்கச் சொன்னது அந்த மாநாடுதான்.