கரிசல் பாத்தி – 5: மண் நகரும், சுவர் நகராது

மேட்டுப்பாத்திக்கு இடம் பார்ப்பது, வெயில் வரும் திசை, ஆட்டுக்கும் கோழிக்கும் அடைப்பு எல்லாம் போன வாரத்தோடு முடிந்தது. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் விதைப்புப் பட்டியல் தருவதாகப் பேச்சு. ஆனால் நடுவில் ஒரு கணக்கு வந்து வழிமறித்துவிட்டது. அதைச் சொல்லாமல் கத்தரி விதையைக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் 1970-களில் போட்ட கணக்கு அது. கரிசல் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். முதல் அரை மணி நேரத்தில் மணிக்கு 76 மி.மீ. வேகத்தில் நீர் இறங்கியது. அடுத்த அரை மணியில் 34 மி.மீ. இரண்டாவது மணி நேரத்தில் வெறும் 4 மி.மீ. ஆறு நாள், அதாவது 144 மணி நேரம் கழித்து அளந்தால் மணிக்கு 0.2 மி.மீ.!

76 எங்கே, 0.2 எங்கே! மண்ணும் அதேதான், இடமும் அதேதான். மணிக்கு 0.2 மி.மீ. என்றால் ஒரு பகல் ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றாலும் 5 மி.மீ.கூட முழுதாக இறங்காது.

காரணம் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம். ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு அதற்கு. ஏடுகளுக்கு இடையே நீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கரிசக்காட்டில் நடந்தவர்களுக்கு வெடிப்பு எப்படியிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மீட்டருக்குக் கீழேயும் இறங்கும். அதில் வீட்டுச் சாவி விழுந்தால் பூட்டை உடைக்க ஆள் தேட வேண்டியதுதான். கோடையில் மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. மழை வந்ததும் அடிமண் உப்பி, பக்கத்து மண்ணை நெட்டி மேலே தள்ளுகிறது. ஏரே பூட்டாமல் இந்த மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. முதல் மழையை மடமடவென்று குடிப்பது அந்த வெடிப்பால்தான். உப்பி வாயை மூடிக்கொண்ட பிறகு பெய்வதெல்லாம் மேலேயே நிற்கும்.

‘குடிக்கவே தண்ணீர் இல்லாத வறண்ட சீமையில் மேட்டுப்பாத்தி எதற்கு?’ என்று கேட்கிறவர்களுக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஜூனி பழங்குடியினர் வறண்ட நிலத்தில் மேடு கட்டவில்லை. களிமண் வரப்பு கட்டிய சின்னச் சின்னச் சதுரப் பள்ளங்களில் பயிர் செய்தார்கள். ஆனால் கோவில்பட்டி வட்டாரத்தின் சங்கடம் வேறு. இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு மொத்தமாக வந்து இறங்கிவிடும். 2023 டிசம்பர் 17, 18-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ., கோவில்பட்டியிலும் 40 செ.மீ.க்கு மேல். அந்த அளவுக்குப் போக வேண்டாம், சாதாரண அடைமழையே போதும். வேருக்குக் காற்றில்லாமல் மிளகாயும் கத்தரியும் மூன்று நாளில் மஞ்சளிக்கும்.

இக்ரிசாட் கரிசலுக்குச் சொன்ன வழி அகலப்பாத்தி. ஒரு மீட்டர் அகலத்தில் மேடு, அடுத்து அரை மீட்டர் சால், சாலுக்கு 0.4 முதல் 0.8 சதவீதம் சரிவு. மானாவாரி ஆராய்ச்சி கோவில்பட்டிக்குப் புதிதல்ல. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே தொடங்கியது. அகில இந்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சித் திட்டத்திலும் அது ஒரு மையம்.

வயல் கணக்கைக் கொல்லைப்புறத்துக்குச் சுருக்கினால் இவ்வளவுதான்: பாத்தி மூன்றே கால் அடி அகலம், ஒரு அடி உயரம். நடக்க ஒன்றரை அடி. பத்தடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் சரிவு. சரிவு இதற்கு மேல் கூடினால் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும்.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். படத்தில் பார்த்த அழகுக்கு ஹாலோ பிளாக் அடுக்கி, சிமென்ட் பூசி, பெயிண்டும் அடித்துத் தொட்டி மாதிரி கட்டிவிடுகிறார்கள். ஒரு மழை, ஒரு கோடை தாண்டினால் மூலையில் விரிசல் விழும். மேஸ்திரியைத் திட்டிப் பயனில்லை. கரிசலில் நட்ட மின்கம்பம் சாய்வதும், காம்பவுண்டுச் சுவர் பிளப்பதும் இதே கதைதான். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலில் வீடு கட்டுவதற்கென்றே ஒரு கான்கிரீட் தூண் அடித்தளத்தை உருவாக்கியது. அதன் அடிப்பகுதி தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலத்தில் குமிழாகப் புடைத்திருக்கும். சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்குவார்கள். மழையும் வெயிலும் எட்டாத அந்த ஆழத்தில்தான் மண் அசையாமல் கிடக்கிறது. வீட்டுக்கே இத்தனை பாடு. நாலு கத்தரிச் செடிக்கு யார் மூன்றரை மீட்டர் தோண்டுவது?

ஆகவே சுவர் வேண்டாம். ஓரம் சரிவாக மண்ணை அணைத்தாலே போதும். கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் கருங்கல்லைப் பூச்சில்லாமல் அடுக்கலாம். மண் அசைந்தால் கல்லும் கூடவே அசையும். கோடையில் ஒருமுறை எடுத்து அடுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

நிரப்பும் மண்ணுக்கு இத்தொடரின் சிபாரிசு: கரிசல் இரண்டு பங்கு, செவல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ ஆட்டுப்புழுக்கையோ ஒரு பங்கு. கறுப்பாக இருக்கிறதே, உரம் எதற்கு என்று ஏமாற வேண்டாம். நிறம் கறுப்பே தவிர அங்ககச் சத்து பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். சுண்ணாம்பு மிகுந்த மண் என்பதால் துத்தநாகப் பற்றாக்குறையும் உண்டு. வேலையைப் பதம் பார்த்துத் தொடங்க வேண்டும். ஈரத்தில் இறங்கினால் மண்வெட்டியை விட்டு மண் பிரியாது. காய்ந்த பிறகு வெட்டினால் மண்வெட்டிக்குத்தான் சேதம்.

மேலே மூடாக்கு போட பருத்திமார் கிடைத்தால் நறுக்கிப் போடலாம். நிலக்கடலைத் தொலி இன்னும் வசதி. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்து ஊரே கொண்டாடியது. பருப்புக்குக் கிடைத்த மரியாதையில் கொஞ்சம் தொலிக்கும் கொடுக்கலாம்.

பட்டியல் இந்த வாரமும் தள்ளிப்போயிற்று. கோவில்பட்டி நிலையம் வெளியிட்ட கே-1, கே-2 மிளகாய் ரகங்களில் அடுத்த வாரம் தொடங்கும், இன்னொரு கணக்கு குறுக்கே வராவிட்டால். அதுவரை வாசகர்கள் சும்மா இருக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்தி எழும்பி, ஒரு தூறலிலாவது நனைந்து அமர்ந்திருக்க வேண்டும். கட்டட வேலைக்கு வாங்கிய ஹாலோ பிளாக் மிச்சம் இருந்தால் அதைத் தண்ணீர்த் தொட்டிக்கு முட்டுக் கொடுங்கள், பாத்திப் பக்கம் கொண்டுவராதீர்கள்.