உணவிலுள்ள பாஸ்போலிப்பிடுகளைப் பிரித்தெடுத்தலும் பகுப்பாய்வும்

பாஸ்போலிப்பிடுகள் என்பவை பாஸ்பேட் தொகுதியைக் கொண்ட கொழுப்பு வகைச் சேர்மங்கள் ஆகும். எல்லா உயிரணுக்களின் சவ்வுகளும் பெரும்பாலும் இவற்றால் ஆனவை. எனவே முட்டை, மீன், பால், சோயா எனப் பெரும்பாலான உணவுகளில் இவை உள்ளன. பிரெஞ்சு வேதியியலாளர் தியோடோர் கோப்லே முட்டை மஞ்சள் கருவில் கண்ட இத்தகைய பொருளுக்கு 1850இல் லெசித்தின் என்று பெயரிட்டார். இன்று சாக்லேட், பிஸ்கட் உறைகளில் 322 என்ற எண்ணால் குறிக்கப்படும் பால்மமாக்கியும் இதுவே.

பிரித்தெடுப்பதில் உள்ள சிக்கல்

கிளிசரோபாஸ்போலிப்பிடு மூலக்கூறில் கிளிசராலுடன் இரண்டு கொழுப்பு அமிலங்களும் ஒரு பாஸ்பேட் தொகுதியும் இணைந்துள்ளன. கொழுப்பு அமில வால்கள் நீரை விலக்கும். பாஸ்பேட் தலை நீரை ஈர்க்கும். மேலும், சவ்வுகளில் இவை புரதங்களுடன் பிணைந்துள்ளன. ஹெக்சேன், பெட்ரோலிய ஈதர் போன்ற முனைவற்ற கரைப்பான்கள் எண்ணெயை எளிதில் கரைக்கும். ஆனால் இந்தப் பிணைப்பை உடைக்கா. ஆகவே சாக்ஸ்லெட் கருவியில் இவற்றைக் கொண்டு அளக்கப்படும் 'மொத்தக் கொழுப்பு' அளவில் பாஸ்போலிப்பிடுகளின் பெரும்பகுதி விடுபட்டுப்போகலாம். மெத்தனால் போன்ற முனைவுள்ள கரைப்பானைச் சேர்த்தால்தான் அவை முழுமையாக வெளிவரும்.

மாதிரியைத் தயார் செய்தல்

உணவிலுள்ள நொதிகள் பாஸ்போலிப்பிடுகளைச் சிதைக்கின்றன. மீனை உறைநிலையில் வைத்தாலும் இச்சிதைவு மெதுவாகத் தொடரும். தாவர மாதிரிகளில் அரைக்கும்போதே சிதைவு தொடங்கிவிடும். இதைத் தடுக்க முதலில் சூடான ஐசோபுரோப்பனாலில் இட்டு நொதிகளைச் செயலிழக்கச் செய்வர். பிரித்தெடுத்த கொழுப்பை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காக்க நைட்ரஜன் வாயுவின் கீழ், குளிர்நிலையில் வைப்பர்.

பிரித்தெடுக்கும் முறைகள்

ஃபோல்ச் முறை: ஃபோல்ச்சும் அவருடைய குழுவினரும் 1957இல் வெளியிட்டது. குளோரோஃபார்மும் மெத்தனாலும் 2:1 விகிதத்தில் கலந்த கரைப்பான், மாதிரியைப் போல் 20 மடங்கு அளவு பயன்படுத்தப்படுகிறது. வடிகட்டிய கரைசலுடன் நீர் அல்லது நீர்த்த உப்புக்கரைசல் சேர்த்தால் இரண்டு அடுக்குகள் உருவாகும். அடர்த்தி மிகுந்த குளோரோஃபார்ம் கீழே தங்கும். கொழுப்புகள் அதில் இருக்கும். சர்க்கரை, உப்பு போன்றவை மேலடுக்கிற்குச் சென்றுவிடும்.

பிளை–டயர் முறை: கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் காட் மீனுக்காக உருவாக்கப்பட்டு 1959இல் வெளியானது. மீனில் உள்ள நீரையே கரைப்பான் கலவையின் ஒரு பகுதியாகக் கணக்கில் கொள்வது இதன் சிறப்பு. குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் ஆகியவை முதலில் 1:2:0.8 விகிதத்தில் ஒரே கரைசலாக இருக்கும், பின்னர் 2:2:1.8 ஆக மாற்றும்போது இரண்டு அடுக்குகளாகப் பிரியும். கரைப்பான் குறைவாகத் தேவைப்படும், விரைவாகவும் முடியும். ஆனால் கொழுப்பு 2 விழுக்காட்டிற்கு மேல் உள்ள மாதிரிகளில் இம்முறை உண்மையைவிடக் குறைந்த அளவையே காட்டும் என்று 2001இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு தெரிவித்தது.

குளோரோஃபார்ம் இல்லாத முறை: குளோரோஃபார்ம் நச்சுத்தன்மை உடையது. அதற்கு மாற்றாக ஹெக்சேனும் ஐசோபுரோப்பனாலும் 3:2 விகிதத்தில் கலந்த கரைப்பானை ஹாராவும் ரேடினும் 1978இல் அறிமுகப்படுத்தினர்.

பகுப்பாய்வு

கிடைத்த சாற்றில் எண்ணெயும் கலந்திருக்கும். அதைச் சிலிக்கா நிரப்பிய குழாயில் ஊற்றி, குளோரோஃபார்மால் எண்ணெயையும், அசிட்டோனால் சர்க்கரை இணைந்த கொழுப்புகளையும், இறுதியில் மெத்தனாலால் பாஸ்போலிப்பிடுகளையும் வெளியேற்றலாம்.

மொத்த அளவை அறிய எளிய வழி பாஸ்பரஸை அளப்பது. சாற்றை அமிலத்தில் சிதைத்து, மாலிப்டேட்டுடன் வினைபுரியச் செய்து, உண்டாகும் நீல நிறத்தின் செறிவை அளப்பர். பாஸ்பரஸின் அணு நிறை 31. பாஸ்போலிப்பிடின் சராசரி மூலக்கூறு நிறை சுமார் 775. எனவே பாஸ்பரஸ் அளவை 25ஆல் பெருக்க வேண்டும். சாற்றில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், பாஸ்போலிப்பிடு ஏறத்தாழ 250 மில்லிகிராம்.

வகைகளைத் தனித்தனியே அறிய மென்படல வண்ணப்பிரிகை உதவும். உயர் செயல்திறன் நீர்ம வண்ணப்பிரிகையில், பாஸ்போலிப்பிடுகள் புற ஊதா ஒளியை நன்கு உறிஞ்சாததால், ஆவியாக்கி ஒளிச்சிதறலை அளக்கும் உணர்வி பயன்படுகிறது. பாஸ்பரஸ்–31 அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் வகைகளைப் பிரிக்காமலேயே அளக்கலாம். எந்தக் கொழுப்பு அமிலங்கள் இணைந்துள்ளன என்பதை நிறை நிறமாலையியல் காட்டும்.

எவ்வளவு நுட்பமான கருவியாயினும், சாற்றில் வந்து சேர்ந்ததையே அளக்கும். உணவிலேயே தங்கிவிட்டதை அதனால் காட்ட இயலாது. ஆகவே மாதிரியின் நீர், கொழுப்பு அளவுகளை முன்னரே அறிந்து, அதற்கேற்ற பிரித்தெடுக்கும் முறையைத் தேர்வது இன்றியமையாதது.