பரணங்கானத்துக் கல்லறை

கேரள நாட்டில், மீனச்சில் ஆற்றங்கரையில், பாலா நகருக்கு அருகே பரணங்கானம் என்றோர் ஊர் உளது. சாதி, சமய வேறுபாடின்றி மக்கள் ஆண்டு முழுவதும் அவ்வூரை நாடி வருகின்றனர். அவர்கள் காண வருவது ஓர் இளம் கன்னியாஸ்திரீயின் கல்லறை. 1946ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, தம் 35ஆம் வயதில் மறைந்த சகோதரி அல்போன்சா அங்கே துயில்கின்றார்.

அவருடைய பிள்ளைப்பெயர் அன்னக்குட்டி. கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் பிறந்தார். பச்சிளம் பருவத்திலேயே தாயை இழந்த அக்குழந்தையை, முட்டுச்சிறையில் வாழ்ந்த பெரியம்மை எடுத்து வளர்த்தார். அன்பும் கண்டிப்பும் மிக்க அவ்வம்மையார், பெண்ணை நல்ல இடத்தில் மணமுடித்துக் கொடுக்க விரும்பினார். பெண்ணின் நெஞ்சமோ துறவறத்தையே நாடியது.

1923ஆம் ஆண்டில், பதர் கனன்றுகொண்டிருந்த குழியில் அன்னக்குட்டியின் கால்கள் வெந்துபோயின. மணப்பேச்சைத் தடுக்க வேண்டித் தாமே காலை வைத்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. தவறி விழுந்தார் என்பாரும் உளர். அவருடைய மனவுறுதியை வியந்து பேசுவோர் பலர். ஆயினும், பதின்மூன்று வயதுச் சிறுமியின் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குச் செவிசாய்ப்பார் இல்லாதிருந்த நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெண் மக்களைப் பெற்றோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு.

1927ஆம் ஆண்டு அவர் பரணங்கானத்திலிருந்த கிளாரிஸ்டு மடத்தில் சேர்ந்தார்; மறு ஆண்டு அல்போன்சா என்னும் பெயர் பெற்றார். 1932இல் வாகக்காட்டுப் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியையாக இருந்தார். அதன்பின் அவர் வாழ்வு பெரும்பாலும் நோய்ப்படுக்கையிலேயே கழிந்தது. மூக்கிலும் கண்ணிலும் குருதி வடிந்தது. கால்களில் புண்கள் சீழ் பிடித்தன. 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நித்திய வார்த்தைப்பாடு அளித்தார். 1939இல் நிமோனியாக் காய்ச்சல் கண்டது. 1940ஆம் ஆண்டு அக்டோபரில், நள்ளிரவில் அவர் அறைக்குள் திருடன் ஒருவன் புகுந்தான். அந்த அதிர்ச்சியால் அவர் நினைவாற்றலையே சில காலம் இழந்திருந்தார். மறு ஆண்டு அவஸ்தைப்பூசுதல் பெறும் நிலைக்கு வந்து, பின்னர்ச் சிறிது தேறினார். 1945இல் நோய் மீண்டும் முற்றியது. வாந்தியும் வலியும் அவரை இறுதிவரை விடவில்லை.

இத்தகைய ஒருவரின் அடக்கத்திற்கு ஊர் திரளவில்லை. வந்திருந்தோர் மிகச் சிலரே. அவருடைய ஞான வழிகாட்டியான ரோமுலூஸ் அடிகளார் அன்று இரங்கலுரை நிகழ்த்தினார். நாம் அடக்கம் செய்வது ஒரு புனிதவதியை என்று அவர் துணிந்து கூறினார். இவருடைய மேன்மையை நாடு அறிந்திருந்தால் இங்கு மக்கள் வெள்ளமெனத் திரண்டிருப்பர் என்றும், இவ்வூர் இந்தியாவின் லிசியே ஆகும் என்றும் உரைத்தார். லிசியே பிரான்சு நாட்டிலுள்ள நகரம். 1897இல், 24ஆம் வயதில், உலகம் அறியாமல் மறைந்த தெரேசா என்னும் கன்னியாஸ்திரீயின் ஊர் அது. அவர் 1925இல் புனிதர் பட்டம் பெற்றார். ஆயினும், ஒரு சிறு கூட்டத்தின் முன் கூறப்பட்ட அச்சொல்லை அன்று எத்தனை பேர் நம்பியிருப்பர்!

முதலில் நம்பியவர் சிறுவர் சிறுமியரே. சகோதரி உயிரோடிருந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் அவரிடம் வந்து பேசி மகிழ்வர். அவர் மறைந்த பின்னும் அவர்கள் அவரை மறக்கவில்லை. கல்லறையில் மலர் வைத்தனர், மெழுகுவர்த்தி ஏற்றினர், தங்கள் சிறு குறைகளைச் சொல்லி வேண்டினர். வேண்டியது கிடைத்தது என்று வீட்டிற்குச் சென்று கூறினர். பிள்ளைகளின் பின்னே பெற்றோர் வந்தனர். பெற்றோரின் பின்னே ஊரார் வந்தனர்.

ஏழே ஆண்டுகளில், 1953ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், கர்தினால் திஸ்ஸரான் புனிதர் பட்டத்திற்கான விசாரணையைத் தொடங்கி வைத்தார். 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோட்டயத்தில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே மேடையில் அதே சிறப்பைப் பெற்ற மற்றொருவர் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகளார். நோயுற்றிருந்த அல்போன்சா முன்னொரு நாள் நலம் வேண்டி மன்றாடியது இவ்வடிகளாரை நோக்கியே! 2008ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ரோமாபுரியில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்தியப் பெண்களுள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 2009இல் அவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்தை அரசு வெளியிட்டது.

கோட்டயம் வழியாகச் சபரிமலை செல்லும் நம் அன்பர்கள் ஒரு நாள் ஒதுக்கினால் பரணங்கானத்தையும் கண்டு வரலாம். ஜூலை 19 முதல் 28 வரை அங்கே திருவிழா.

தொலைவூரில் குடியேறி வாழும் நாம், உற்றார் உறவினர் வந்துசேர இயலாத இறுதி ஊர்வலங்கள் பலவற்றைக் கண்டிருக்கின்றோம். நாலு பேர் மட்டுமே நடந்த ஊர்வலம் என்று மனம் நொந்ததும் உண்டு. எழுந்து நடமாட இயலாத முதியவரும் நோயாளரும் நம் வீடுகளில், ‘யாருக்கும் பயனில்லையே’ என்று ஏங்கிக் கிடப்பதும் உண்டு. அல்போன்சா நூல் எழுதவில்லை. நிலையம் எதுவும் நிறுவவில்லை. படுத்த படுக்கையில் இருந்துகொண்டு, வந்த பிள்ளைகளிடம் முகம் கோணாமல் பேசினார். அவர்கள் அதை மறக்கவில்லை. நம் இல்லத்து நோயாளர் அருகில் நம் குழந்தைகளையும் சற்று நேரம் அமரச் செய்வோமாக.