பத்து நொடிக்கு ஒரு குரல்

நடுவழிப் பெட்டிகள் – 14

ஸ்குவிட் என்ற கேஷ் மென்பொருள் வந்த கதையும், 1998 நவம்பரில் தனியார் இணைய நிறுவனங்களுக்குக் கதவு திறந்த கதையும் முடிந்துவிட்டன. ஒருவர் பார்த்த பக்கத்தை நகலெடுத்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது கேஷ் சர்வர். இது நினைவிருந்தால் போதும்.

இந்த வாரம் எச்டிடிபிஎஸ் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு பழைய நெறிமுறை ஆவணத்தைப் புரட்டப்போய், நான்கு நாளாக அதிலேயே கிடக்கிறேன்.

முதலில் 2003-க்குப் போவோம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு மாடியறை. ஆவடி, பூந்தமல்லி வரை இணைப்பு கொடுத்துவந்த சின்ன நிறுவனம் ஒன்றில் என் நண்பர் வேலை பார்த்தார். வெளிநாட்டு இணைய இணைப்பு தங்கம் விற்ற விலைக்கு விற்ற காலம். கேஷ் சர்வர் இல்லாமல் தொழில் நடத்த முடியாது. வாடிக்கையாளரின் பிரவுசரில் எதையும் தொடவேண்டியதில்லை. 80-ஆம் போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்டுகளை மட்டும் ரூட்டரே பிரித்து, கேஷ் பக்கம் திருப்பிவிடும். நாலைந்து வரிக் கட்டளைதான். அதில் கேஷ் சர்வரின் சொந்த முகவரிக்கு முதல் வரியிலேயே விலக்கு தர வேண்டும். மறந்தால், அது வெளியே கேட்கப்போகும் பக்கமும் அதனிடமே திரும்பி வந்து சுற்றிச் சுற்றி நிற்கும். நண்பர் அதை மறக்கவில்லை.

பிளஸ் டூ ரிசல்ட் நாள். கீழே பிரவுசிங் சென்டரில் வாசல்வரை கூட்டம். மடித்து மடித்து நைந்துபோன ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு பெண், பின்னால் சைக்கிளோடு அவள் அப்பா. திடீரென்று எந்தப் பக்கமும் வரவில்லை.

"சார், பிங் போகுது, மெயில் போகுது, வெப் மட்டும் வரல" என்று போனில் குரல்கள். வட்டு நிரம்பி ஸ்குவிட் நின்றுவிட்டது. அது இருந்த கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரூட்டருக்கு ஸ்குவிட் நின்றது தெரிய வழியே இல்லை. பூட்டிய கடைக்கு ஆள் அனுப்புவதுபோல ஒவ்வொரு பாக்கெட்டையும் அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தது. காரணம் பிடிபட நாற்பது நிமிடம் ஆயிற்று.

அந்த நாற்பது நிமிடத்துக்கு மருந்து அப்போதே இருந்தது. சிஸ்கோ 1997-இல் கொண்டுவந்த டபிள்யூசிசிபி என்ற நெறிமுறை. அதன் இரண்டாம் பதிப்பின் ஆவணம்தான் என்னைப் பிடித்துவைத்திருக்கிறது. அதில் கேஷ் அனுப்பும் செய்தியின் பெயர் 'ஹியர் ஐ ஆம்'. இதோ இருக்கிறேன். ரூட்டரின் பதில் 'ஐ சீ யூ'. உன்னைப் பார்த்துவிட்டேன். பத்து நொடிக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல். பதிலோடு ரூட்டர் ஓர் எண்ணையும் தரும். அடுத்தமுறை கூப்பிடும்போது கேஷ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் காது கேட்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இருபத்தைந்து நொடி குரல் வரவில்லையா, ரூட்டரே ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். முப்பதாவது நொடியிலும் பதில் இல்லையென்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, பாக்கெட்டுகளை நேராக இணையத்துக்கு விட்டுவிடும். குரல் கொடுப்பது கணினி அல்ல, ஸ்குவிட்டேதான் என்பதால் ஸ்குவிட் நின்றால் குரலும் நிற்கும். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் தினம் போன் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கேஷ் இரண்டு மூன்று இருந்தால்? தபால் பிரிக்கும் மர அலமாரிபோல 256 அறைகள். போகவேண்டிய முகவரியை வைத்துக் கணக்குப் போட்டு, ரூட்டர் ஓர் அறையில் போடும். அறைகளைக் கேஷ்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே முகவரி எப்போதும் ஒரே கேஷுக்குப் போவதால், ஒரு பக்கத்தை இரண்டு இடத்தில் சேமிக்கிற வீண்செலவு இல்லை. ஒரு கேஷ் விழுந்தால் அதன் அறைகள் மற்றவற்றுக்குப் போய்ச் சேரும். இப்படி 32 ரூட்டர்கள், 32 கேஷ்கள் வரை ஒரே குழுவில் இருக்கலாம்.

நண்பர் அந்த மாதமே ரூட்டரின் கட்டளைகளை டபிள்யூசிசிபிக்கு மாற்றி எழுதினார். திரையில் பத்து நொடிக்கு ஒரு வரி ஏறுவதை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு 'பாஸ்' என்று வந்ததை, ரிசல்ட் நாளன்று நான் கீழே இறங்கும்போது அவள் அப்பா சைக்கிள் பெல்லை அடித்த வேகத்தில் தெரிந்துகொண்டேன்.

எச்டிடிபிஎஸ் வந்து இந்த நடுவழி நகலையெல்லாம் பூட்டிய கதையும், நகல்கள் இடம்பெயர்ந்து, அதே அம்பத்தூரில் 2023-இல் என்டிடி திறந்த டேட்டா சென்டர் வரை வந்த கதையும் அடுத்த வாரம்.

(தொடரும்)