மேசைக் கணினிக்கு எத்தனை கிகாபைட்?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்து சில நிமிடம் நடந்தால் எதிர்ப்படும் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில், உதிரிபாகங்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து அங்கேயே பொருத்தித் தரச் சொல்லிக் கணினி வாங்கும் வழக்கம், இணையக் கடைகள் பெருகிவிட்ட இன்றும் அற்றுப்போய்விடவில்லை. அங்குள்ள கடைகள் பொடி எழுத்தில் அச்சிட்டுத் தரும் விலைப்பட்டியலில் செயலி, தாய்ப்பலகை, திரை அட்டை ஆகியவற்றுக்கு நடுவே ‘ரேம்’ என்றொரு பகுதி இருக்கும். 8, 16, 32, 64 என்று இரட்டித்து ஏறும் அந்த எண்களில் எதைத் தேர்வது என்பதில்தான் வாங்க வருபவர் பலர் தடுமாறுகின்றனர். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக நிறுத்திக்கொண்ட பின்னர், பழைய கணினியை மாற்ற நேர்ந்த குடும்பங்களையும் இக்கேள்வி எட்டியிருக்கிறது.

ரேம் என்பது கணினி அந்நேரத்தில் செய்துகொண்டிருக்கும் வேலைக்குரிய தரவுகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். படங்களும் கோப்புகளும் நிலையாகத் தங்கியிருக்கும் எஸ்எஸ்டி போன்ற சேமிப்பகம் வேறு. இரண்டையும் கிகாபைட்டிலேயே அளப்பதால், 512 கிகாபைட் உள்ள கணினிக்கு இன்னும் எதற்கு 16 என்று கேட்பவர்கள் உண்டு. ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்டு 1966இல் கண்டறிந்த அமைப்பே இன்றைய ரேமுக்கும் அடிப்படை: ஒவ்வொரு துணுக்குத் தரவும் ஒரு டிரான்சிஸ்டரும் மின்னேற்றத்தைத் தாங்கும் ஒரு மிகச்சிறு மின்தேக்கியும் சேர்ந்த அறையில் வைக்கப்படுகிறது. அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால் நொடிக்குப் பல முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. மின்சாரத்தை அணைத்ததும் அதிலுள்ளவை அழிந்துபோவது இதனால்தான்.

நினைவகம் போதாதபோது கணினி நின்றுவிடுவதில்லை என்பதே பலர் அந்தக் குறையை உணராமல் போவதற்குக் காரணம். அப்போதைக்குத் தொடாத தரவுகளை இயங்குதளம் சேமிப்பகத்துக்கு நகர்த்தி இடம் உண்டாக்கிக்கொள்கிறது. தேவைப்படும்போது மீண்டும் ரேமுக்குக் கொண்டுவருகிறது. ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்க நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரம் ஆகுமென்றால், எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கும், சுழலும் பழைய வன்தட்டிலிருந்து எடுக்க இலட்சம் மடங்கும் ஆகக்கூடும். ஒரு சன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கணினி திணறுவது இந்தப் போக்குவரத்தினால்தான். மாறாக, தேவைக்கு மேல் எவ்வளவு நினைவகம் பொருத்தினாலும் கணினி அந்த அளவுக்கு விரைவடைவதில்லை. மீதியிருக்கும் இடத்தில், அண்மையில் திறந்த கோப்புகளின் படிகளை இயங்குதளம் வைத்துக்கொள்வது ஓரளவு பயன் தருமே தவிர, 16 போதுமான வேலைக்கு 64 பொருத்துவது பணத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதாகவே முடியும்.

ஆகவே தேவையை அளப்பதே முதல் வேலை; கடைக்காரரின் பரிந்துரையைக் காட்டிலும் வீட்டிலுள்ள பழைய கணினியே அதற்கு நம்பகமான சாட்சி. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் (பிள்ளையின் இணையவழிப் பாடம், இருபது முப்பது உலாவிப் பக்கங்கள், வாட்ஸ்அப், கணக்குத்தாள்) ஒருசேரத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே ‘கமிட்டட்’ என்ற சொல்லின் கீழ் சாய்கோட்டால் பிரிந்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், திறந்திருக்கும் மென்பொருள்களுக்கு இயங்குதளம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்ட மொத்த நினைவகம். அது பொருத்தியுள்ள ரேமின் அளவைத் தாண்டி நிற்குமானால் பற்றாக்குறைக்கு இடமுண்டு என்று கொள்ளலாம். தனித் திரை அட்டை இல்லாத கணினியில் திரைக்கான நினைவகமும் இதே ரேமிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 4 கிகாபைட். ஆனால் அது கணினி இயங்கத் தொடங்குவதற்கான அளவே ஒழிய, வேலை செய்வதற்கான அளவன்று. மைக்ரோசாஃப்ட் தன் ‘கோபைலட் பிளஸ்’ வகைக் கணினிகளுக்கு 16 கிகாபைட்டைக் கட்டாயமாக்கியதும், ஆப்பிள் நிறுவனம் புதிய மேக் கணினிகளின் தொடக்க அளவை 16ஆக உயர்த்தியதும் 2024இல்தான். இன்று வாங்கும் மேசைக் கணினிக்கு 8 என்பது எந்த விலையிலும் சிக்கனம் ஆகாது. பொதுவான வீட்டுப் பயனுக்கு 16 போதும். கல்யாணக் காணொளிகளைத் தொகுப்பவருக்கும் புதிய விளையாட்டுகளை ஆடுபவருக்கும் 32 பொருந்தும். தமிழில் எழுதுவதற்குக் கூடுதல் நினைவகம் வேண்டுமோ என்று ஐயுறுபவர்கள் அஞ்ச வேண்டியதில்லை: ‘அம்மா’ என்ற சொல் பரவலான யுடிஎஃப்-8 குறிமுறையில் 15 பைட் மட்டுமே, பத்து இலட்சம் குறியீடுகள் கொண்ட பெருநூலும் கைப்பேசியில் எடுத்த ஒரு நிழற்படத்தின் அளவில் அடங்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்கிப் பார்க்க விரும்புபவரின் நிலை வேறு. ஏஐ சிங்கப்பூர் அமைப்பு வெளியிட்டுள்ள, தமிழும் அறிந்த சீ-லயன் மாதிரிகளில் ஒன்று 900 கோடி எண்மதிப்புகளைக் கொண்டது. ஒவ்வொரு மதிப்புக்கும் 16 பிட், அதாவது 2 பைட், ஒதுக்கினால் அது மட்டுமே 18 கிகாபைட் பிடிக்கும், 4 பிட்டாகச் சுருக்கினால் ஏறத்தாழ நாலரை கிகாபைட்டில் நிற்கும். இத்தகையோர் 32இலிருந்து 64 வரை யோசிப்பதில் பொருள் உண்டு.

இப்போதைக்குக் குறைவாக வாங்கிப் பிறகு விலை இறங்கியதும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது கணினி பொருத்துபவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்த அறிவுரை. இடையிடையே ஏற்றங்கள் வந்தாலும் நினைவக விலை நீண்டகாலப் போக்கில் சரிந்தே வந்ததால் அது பெரும்பாலும் பலித்தது. 2025இன் இரண்டாம் பாதியில் அந்தக் கணக்கு பிசகியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான ‘ஹெச்பிஎம்’ எனப்படும் அடுக்கு நினைவகத்தை உருவாக்க, அதே கொள்ளளவுள்ள சாதாரண ரேமுக்கு ஆவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் செலவாகிறது. உற்பத்தியாளர்கள் அந்தப் பக்கம் திரும்பவே, வீட்டுக் கணினிகளுக்கான பல ரகங்களின் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

சிங்கப்பூர் இந்த மாற்றத்தைத் தள்ளி நின்று பார்க்கும் ஊரன்று. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், பொருளியல் வளர்ச்சிக் கழகம், கேனன், ஹியூலட் பேக்கார்ட் ஆகியவை 1991இல் கூட்டாக அமைத்த டெக் செமிகண்டக்டர் நிறுவனம் உட்லண்ட்ஸில் கணினி நினைவகத்தையே உற்பத்தி செய்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் நினைவகத் தொழிலை 1998இல் வாங்கிய அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம் பின்னர் இதையும் தனதாக்கிக்கொண்டது. அதே மைக்ரான் 2025 ஜனவரியில் ஹெச்பிஎம் நினைவகத்தைப் பொதியாக்கும் ஆலைக்கு இங்கே அடிக்கல் நாட்டியது. அவ்வாண்டு டிசம்பரிலோ, வீட்டுப் பயனாளர்கள் நன்கறிந்த ‘குரூஷியல்’ என்ற தன் நினைவக வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

எனவே பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் குறைவாக வாங்குவதைவிட, அளந்து கண்ட உச்சத்துக்கு மேல் கால்பங்கு அல்லது மூன்றிலொரு பங்கு கூட்டி, அதற்கு அடுத்துள்ள அளவை ஒரே தடவையில் வாங்கிவிடுவதே இக்காலத்துக்கு ஏற்றது. அதைத் தனியொரு ரேமாக வாங்காமல், ஒரே பொதியில் வரும் இரண்டாக, 16க்கு இரண்டு எட்டு, 32க்கு இரண்டு பதினாறு என்று, வாங்கினால் செயலி இரு தடங்களிலும் ஒரே சமயத்தில் தரவைப் பெறும். தனித் திரை அட்டை இல்லாத கணினிகளில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரு தலைமுறைகளுக்கும் இணைப்பு முனைகள் 288 என்று ஒத்திருந்தாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. தாய்ப்பலகை எந்தத் தலைமுறைக்குரியது என்று பார்த்தே வாங்க வேண்டும். தாய்ப்பலகையில் நான்கு இடங்கள் இருந்தாலும், டிடிஆர்5 வகையில் நான்கையும் நிரப்பினால் பெரும்பாலான அமைப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இயங்குகின்றன என்பது பின்னாளில் சேர்க்க எண்ணுபவர் அறிந்திருக்க வேண்டியது. பொதியில் அச்சிட்ட வேகமும் தானாகக் கிடைப்பதில்லை. பயாஸ் அமைப்பில் ‘எக்ஸ்எம்பி’ அல்லது ‘எக்ஸ்போ’ என்ற தெரிவை இயக்கிவிட வேண்டும். பணம் கட்டுமுன் கடையிலேயே கணினியை இயக்கச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் கொள்ளளவு, வேகம், நிரம்பியுள்ள இடங்கள் ஆகிய மூன்றையும் ரசீதோடு ஒத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.