பாக் நீரிணையின் பணக் கதை – 6: மஞ்சள் மூட்டையும் மத்திய வங்கியும்

2020-ஆம் ஆண்டில் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் போலீஸாரிடமும் சுங்கத் துறையிடமும் புதிதாக ஒரு சரக்கு சிக்கத் தொடங்கியது. சமையல் மஞ்சள். மூட்டை மூட்டையாகக் கட்டி, இரவில் நாட்டுப்படகில் ஏற்றி, இலங்கைக்குக் கடத்தப் பார்த்தார்கள். ஈரோட்டுச் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளுக்கு ஏன் இந்தப் பாடு? இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்டிருந்தது. அங்கே அதன் விலை பல மடங்கு ஏறிவிட்டது. உள்ளூர் விவசாயத்தை வளர்க்கப் போட்ட தடை என்று சொல்லப்பட்டாலும், டாலரை மிச்சம் பிடிக்கும் அவசரமும் அதில் இருந்தது. இலங்கையின் கஜானாவில் டாலர் குறைகிற சேதி, உலகம் அதைப் பேசுவதற்கு முன்பே இந்தக் கரைக்கு மஞ்சள் மூட்டையாக வந்து சேர்ந்துவிட்டது.

ராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணி வட்டாரத்துக்கு இந்தக் கடல் கடந்த உறவு பழகியதுதான். பக்கத்திலுள்ள பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது, பழைய கடல் வணிகத்தின் சாட்சியாகச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கீழக்கரை வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பில் கடை வைத்தவர்கள். அக்கரையின் பணப்பெட்டி நிறைந்தாலும் வற்றினாலும் இக்கரைக்குத் தெரியாமல் போனதில்லை.

ஒரு காலத்தில் இரு கரைக்கும் பணமே கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓரியண்டல் வங்கி 1884-இல் திவாலானது. அதன் நோட்டுகளை நம்பியிருந்த இலங்கையில் அரசே நோட்டு அச்சிடத் தொடங்கியது. அந்த நோட்டுகளுக்கு ஈடாக இருந்தது பெரும்பாலும் இந்திய ரூபாய். இலங்கை ரூபாய் ஒன்றுக்கு இந்திய ரூபாய் ஒன்று. இந்திய ரூபாய் கையில் எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் நோட்டு அச்சிட முடியும். இங்கிருந்து இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளி மிச்சம் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்த காசுக்கு மாற்று விகிதம் பார்க்கும் கவலை இருக்கவில்லை.

1950 ஆகஸ்ட் 28 அன்று இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. முதல் ஆளுநர் ஜான் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். நல்ல நேரத்தில் திறந்தார்கள்: கொரியப் போரால் ரப்பர் விலை ஏறி, வெளிநாட்டுக் கையிருப்பு பெருகியது. போர்ச் சூடு தணிந்ததும் ரப்பர் விலை சரிந்தது, கையிருப்பும் கரைந்தது. இறக்குமதி அரிசியை மலிவு விலையில் கொடுத்துவந்த அரசு, 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12 அன்று நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்று முதல் கொழும்பில் எந்த அரசுக்கும் அரிசி விலையைத் தொடத் துணிவு வருவது கடினமாகிவிட்டது. அந்தச் செலவை ஈடுகட்டும் ஏற்றுமதியோ தேயிலை, ரப்பர், தேங்காய் என்ற மூன்றைத் தாண்டி அப்போது நகரவில்லை.

1965-இல் இலங்கை முதன்முதலாகச் சர்வதேச நாணய நிதியத்திடம் உதவி ஒப்பந்தம் செய்தது. 1970-களில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு டாலரைக் காக்க இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. பாணுக்கும் (ரொட்டிக்கும்) துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். அதே தடை யாழ்ப்பாண விவசாயிக்கு வாழ்வு கொடுத்தது. இந்தியாவிலிருந்து வெங்காயமும் மிளகாயும் வருவது நின்றதால் அவர்கள் விளைவித்ததற்கு நல்ல விலை கிடைத்தது. 1977-இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன சந்தையைத் திறந்ததும் அந்த வருமானம் அடிபட்டது. கையிருப்பைப் பற்றிய ஒவ்வொரு முடிவும் யாரையோ வாழவைத்து யாரையோ வீழ்த்துகிறது. கொழும்பில் கையெழுத்துப் போட்டவர்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டங்களைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்த முப்பது ஆண்டுகளை உள்நாட்டுப் போர் விழுங்கியது. 2007-இல் இலங்கை முதன்முறையாக 50 கோடி டாலருக்குச் சர்வதேசக் கடன்பத்திரம் விற்றது. பின்னால் வந்த நெருக்கடியின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2019 முடிவில் கையிருப்பு 760 கோடி டாலர் என்று கணக்கு காட்டியது. அது ஏற்றுமதியில் மிஞ்சிய பணமாக இல்லை. பெரும்பகுதி கடனாக வந்து, தவணை நாளில் திரும்பிப் போக வேண்டிய பணம்.

பிறகு வரிக் குறைப்பு, கொரோனா, வெறிச்சோடிய சுற்றுலா விடுதிகள். வெளிநாட்டில் உழைப்பவர் அனுப்பும் பணமும் நழுவியது. மத்திய வங்கி டாலருக்கு 200 ரூபாய் அளவில் விலையைக் கட்டி வைத்திருந்தது. வெளிச்சந்தையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைத்ததால் பலர் வங்கியை விட்டு உண்டியல் (ஹவாலா) வழியை நாடினார்கள். 2020-இல் 710 கோடி டாலராக இருந்த உழைப்பாளர் பண வரவு, 2021-இல் 550 கோடியாகக் குறைந்தது.

2021 நவம்பர் முடிவில் கையிருப்பு சுமார் 160 கோடி டாலர். டிசம்பர் முடிவில் அது 310 கோடி. ஒரே மாதத்தில் இவ்வளவு எப்படி ஏறியது? சீன மத்திய வங்கியோடு செய்த 1,000 கோடி யுவான் பரிமாற்ற ஒப்பந்தம் கணக்கில் சேர்க்கப்பட்டது. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அந்தப் பணத்தைத் தொட முடியும் என்பது நிபந்தனை. அவ்வளவு இருந்தால் அதைத் தொட வேண்டிய தேவையே வந்திருக்காது. அந்த ஏட்டுக் கணக்கை நம்பி, 2022 ஜனவரி 18 அன்று 50 கோடி டாலர் கடன்பத்திரத் தவணையை முழுசாகக் கட்டினார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் போயிருக்க வேண்டிய டாலர் அது. ஏப்ரல் 12 அன்று வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி, பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

இந்தக் கரை அதற்குள் மஞ்சள் மூட்டைகளைத் தாண்டி மனிதர்களைப் பார்த்துவிட்டது. மார்ச் 22 அன்று இரண்டு படகுகளில் 16 பேர் வந்து சேர்ந்தார்கள். தனுஷ்கோடி அருகே மணல் திட்டில் கைக்குழந்தையோடு தவித்த குடும்பத்தைக் கடலோரக் காவல் படை மீட்டு மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. முன்பு குண்டுக்குப் பயந்து வந்தவர்களை ஏற்ற அதே மண்டபம் அகதி முகாம், இப்போது அரிசி விலைக்கும் பால்மா விலைக்கும் தாங்காமல் வந்தவர்களை ஏற்றது. இலங்கையில் 400 கிராம் பால்மா 790 ரூபாய்க்கு விற்ற நாட்கள் அவை. அந்த ஆண்டு இறுதிக்குள் இப்படி வந்தவர்கள் இருநூறைத் தாண்டினார்கள். தமிழக அரசு அரிசி, பால் பவுடர், மருந்து ஏற்றிய முதல் கப்பலை மே 18 அன்று சென்னையிலிருந்து அனுப்பியது. இந்திய அரசின் உதவி அந்த ஆண்டில் ஏறக்குறைய 400 கோடி டாலர் அளவுக்குப் போனது. 1991-இல் தானே டாலர் தட்டுப்பாட்டில் சிக்கி, தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனில் அடகு வைத்த நாடு செய்த உதவி இது.

2023 மார்ச் 20 அன்று நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்புதல் தந்தது. இலங்கைக்கு அது 17-ஆவது ஒப்பந்தம். 2024 முடிவில் கையிருப்பு 610 கோடி டாலரைத் தொட்டது. அதிலும் சீனப் பரிமாற்றப் பணம் சேர்ந்தே இருந்தது. பழைய கடனின் அசல் தவணைகள் பெருமளவில் 2028 முதல் திரும்பத் தொடங்கும். அதற்குள் ஏற்றுமதியும் சுற்றுலாவும் உழைப்பாளர் பணமும் எவ்வளவு சேர்த்துத் தரும் என்பதைக் கொழும்பு அளவுக்கே ராமநாதபுரமும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

(அடுத்த வாரம்: கொழும்பில் கீழக்கரைக் கடைகள்)